வரிசைக்கு ஒரு கீறல்

அறுவை சிகிச்சை நடந்தது தொண்டையில். ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. மாடி வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "இப்ப எப்படி இருக்கு?" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். மருந்துக் கடைக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கையை ஆட்டி ஆட்டி ஜாடையில் விசாரித்தார். அவர் சிலேட்டை எடுத்து, 'காது நல்லா கேக்குது' என்று எழுதிக் காட்டினார். அதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்காரர் இன்னும் உரக்க, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் ஊரையே கத்திக் கூப்பிட்ட ஆள் அவர். காய்கறி மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருடமாக ஏலம் கூவினார். மைக் இல்லாமல் கூவுவார். லாரி ஹாரன், தள்ளுவண்டிச் சத்தம், மூட்டை விழுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் தனியாகக் கேட்கும். மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் ரேடியோ. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கூட வேலை செய்கிறவர்களே யார் என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் ரேடியோவை யாரும் நிறுத்த முடியாது. குளிக்கும்போது பேச்சு, சாப்பிடும்போது பேச்சு, தூக்கத்திலும் எதையோ விலை சொல்வார். அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவள். தெருவுக்கு அவள் டெய்லரம்மா. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மெஷினை ஒரு மிதி மிதிப்பாள். அதுவே பதில் என்று அவர் எடுத்துக்கொள்வார். இருபத்தாறு வருடக் குடித்தனம் இப்படித்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது.

குரல் கரகரத்தது. சளி என்றார். சளி மூன்று மாதம் போகவில்லை. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுக் கட்டி என்றார். கட்டியை எடுத்தாயிற்று. முழுவதும் வந்துவிட்டது, இனி பயமில்லை என்றும் சொன்னார். இரண்டு மாதம் பேசவே கூடாது, அதன் பிறகு பழைய குரல் வராது, ஏதோ ஒரு குரல் வரும் என்றார். அதை ரேடியோ தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது வேறு விஷயம். கட்டியோடு தொண்டையில் கொஞ்சம் சதையும் போயிருந்தது. அதனால் சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்க்கும். விழுங்குவதைக் குழந்தை மாதிரி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை மூக்கு வழியாக ஒரு குழாய். அதில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சத்துத் தண்ணீர்.

விழுங்கச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்தாள். தாடையை நெஞ்சில் ஒட்டு, மூச்சை அடக்கு, விழுங்கு, ஒரு தடவை செருமு, மறுபடி விழுங்கு. இதுதான் பாடம். சாப்பாடு தண்ணீராக இருந்தால் தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடிவிடும், திப்பி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கரண்டியைச் சாய்த்தால் விழுவதற்கு ஒரு கணம் யோசிக்கிற பதத்தில் வழவழவென்று இருக்க வேண்டும் என்று அவள் டெய்லரம்மாவிடம் சொல்லியிருந்தாள். நோட்டு வைத்து எழுதிக்கொண்ட டெய்லரம்மா அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டாள்.

நர்ஸ் இல்லாத ஒரு திங்கட்கிழமை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு கரண்டி போயிற்று. மூன்றாவது கரண்டியில் இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நின்றுவிட்டார். டெய்லரம்மா முதுகில் அடித்தாள், தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பாதி வழியில் ஞாபகம் வந்து செம்போடு அப்படியே நின்றாள். இருமல் அடங்கியதும் அவர் சிலேட்டில் எழுதினார்: 'நர்ஸ்கிட்ட சொல்லாதே.' அவளும் சொல்லவில்லை. போன் வந்தபோதும், நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நர்ஸ் நேரில் வந்தபோதும், அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து பதினோரு நாளாக அவர் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை.

அன்று முதல் அவர் லேசாகத் தொண்டையைச் செருமினாலும் முன்னறையில் மெஷின் நின்றுவிடும். அடுத்த நொடி அவள் அவர் பக்கத்தில் இருப்பாள். சட்டைக் கைகள் பாதித் தையலில் ஊசிக்கடியிலேயே கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், முப்பது சட்டை பாக்கி. அவள் சரியாகத் தூங்குவதும் இல்லை. அவர் மூச்சை எண்ணிக்கொண்டே படுத்திருப்பாள்.

இந்த வெள்ளிக்கிழமை நர்ஸ் வரும்போது ஒரு கிண்ணம் முழுக்க விழுங்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வயிற்றில் துளை போட்டு அங்கேயே குழாய் வைத்துவிடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் அதுதான் நல்லது என்றாள். தினம் தினம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பதைவிட அது மேல் இல்லையா என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் டெய்லரம்மா சரி என்று சொல்லாமல் போனை வைத்தாள். வயிற்றில் ஒரு தடவை போட்டுவிட்டால் இந்த மனிதர் அதன் பிறகு வாயால் சாப்பிட முயற்சியே செய்ய மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பயத்தை வெளியே காட்டாத ஆளுக்குப் பயம் வந்துவிட்டால் அதை விரட்டுவது கஷ்டம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் தராசு வந்தார். மார்க்கெட்டில் எடை போடுகிறவர், ரேடியோவுக்குக் கூட்டாளி. ஒரு தோளில் ஈரச் சாக்கு. வாசலில் இறக்கி வைத்துவிட்டு, இவராவது கத்தாமல், ஒரேயடியாகக் குசுகுசுவென்று பேசினார். பேச முடியாதவர் முன்னால் சத்தமாகப் பேசுவது மரியாதை இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"மொத லோடு மக்காச்சோளம் தங்கச்சி. விடியறதுக்கு முன்னாடி ஒடிச்சது. ஏலத்துக்குப் புது ஆள் வந்திருக்கான், எருமை முக்கற மாதிரி முக்கறான். சாக்கைப் பார்த்ததும் இவன் நெனப்பு வந்துடுச்சு. திங்க முடியாதவன்கிட்ட கொண்டுபோறியே மடையான்னு என் வீட்டுல திட்டினா. வந்து சேர்ந்தப்புறம்தான் எனக்கும் அப்படித் தோணுது. எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

டெய்லரம்மா வேண்டாம், இருக்கட்டும் என்றாள். ஏனென்றால் அதற்குள் ரேடியோ நாற்காலியை விட்டு எழுந்து வந்து சாக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

ஒரு கதிரை எடுத்தார். பச்சை உறையை இரண்டு விரல் அளவு மட்டும் விலக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு மணியை அழுத்தினார். மார்க்கெட்டில் ஏலத்துக்கு முன்னால் செய்கிற சோதனை அது. தண்ணீர் வந்தால் பிஞ்சு, மாவு வந்தால் முற்றல், பால் தெறித்தால்தான் பதம். பால் தெறித்தது. மூக்குக் குழாய் மேல் ஒரு பொட்டும், அவர் உதட்டில் ஒரு பொட்டும் விழுந்தன. அவர் நாக்கு தன்பாட்டுக்கு வெளியே வந்து உதட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அவருக்கே அது தெரிந்திருக்காது. டெய்லரம்மா பார்த்துவிட்டாள். பதினோரு நாளைக்குப் பிறகு அந்த வாய்க்குள் போன முதல் ருசி.

அந்த வீட்டில் சோளம் சமைக்கிறவர் அவர்தான். மற்ற நாளில் அடுப்புப் பக்கமே வர மாட்டார். சோளக் காலத்தில் மட்டும் அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து சோளக் கிரீம் செய்வார். பெயர்தான் கிரீம், அதில் கிரீம் எதுவும் கிடையாது. சோளத்தின் பாலும் சதையும் வெண்ணெயும் உப்பும்தான். மகளும் அவளும் கிண்ணத்தை வழித்து நக்குவார்கள். எப்படிச் செய்கிறார் என்று அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. செய்யும்போது அவர் பேசுகிற பேச்சுக்குப் பயந்தே அவள் முன்னறையில் இருந்துவிடுவாள்.

அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தராசு போனதும் எட்டுக் கதிரைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். வேண்டுமென்றேதான் தப்பாகச் செய்தாள், அவரை உள்ளே வரவழைக்க அது தந்திரம் என்று தராசு பிற்பாடு மார்க்கெட் முழுக்கச் சொன்னார். அதெல்லாம் கட்டுக்கதை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

உறையை உரித்தாள். நூல்நூலாக ஒட்டியிருந்த குஞ்சத்தை எடுத்தாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, துணியில் நூல் பொறுக்கிப் பழகிய கை. கதிரை நிறுத்திவைத்து மணிகளை அடியோடு சீவினாள். மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவள் கணக்கு. பிறகு உள்துணிக்கு வைத்திருந்த புது மல் துணியில் கொட்டிப் பிழிந்தாள். வந்தது வெள்ளைத் தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் யோசிக்கவே இல்லை, ஓடிற்று. நோட்டில் அடிக்கோடு போட்டது ஞாபகம் வந்து, துணியில் நின்ற விழுதிலிருந்து இரண்டு கரண்டி திரும்பவும் சேர்த்தாள். அது பார்க்க வழவழப்பாகத்தான் இருந்தது.

மிக்ஸிச் சத்தம் கேட்டதுமே அவர் சிலேட்டோடு வாசற்படிக்கு வந்துவிட்டார். 'அரைக்காதே' என்று எழுதிக் காட்டினார். அவள் படித்தாள், அரைத்தாள். முழங்கையால் அழித்துவிட்டு, 'தோல்' என்று எழுதினார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஒரு மாதத்தில் அவள் கண்டுபிடித்திருந்த வித்தை அது. சிலேட்டைப் பார்க்காவிட்டால் சண்டையில் அவளுக்குத்தான் ஜெயம். அவர் சிலேட்டைக் கதவில் தட்டினார். அவள் வெண்ணெய் எடுத்தாள்.

கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நர்ஸ் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது, ஒரே ஒரு வாய் எனக்காக என்றாள். அவர் அவளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். தாடையை நெஞ்சில் ஒட்டினார், மூச்சை அடக்கினார். அரைக் கரண்டி.

இருமல் பிடித்துக்கொண்டது. மிக்ஸி அரைத்தாலும் சோளத் தோல் மாவாகாது. கண்ணுக்குத் தெரியாத செதிலாக உடைந்து எல்லாவற்றிலும் கலந்துவிடும். அதில் ஒரு செதில் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். சிலேட் கீழே விழுந்தது. கடைசியில் ஒரு பெரிய இருமலோடு அது வெளியே வந்தது. அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்தார்.

டெய்லரம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு சமையலறைத் தரையில், உரித்த உறைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. புழுக்கம் தாங்கவில்லை. அவர் சிலேட்டையும் பல்பத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், எழுதாம கேளுங்க," என்றாள். "ஊர் முழுக்க எனக்கு தைரியம் சொல்லிட்டுப் போறாங்க. கட்டி போயிடுச்சு, ஆள் பொழச்சிட்டாருன்னு. எனக்குத்தான் பயம் போகலை. நீங்க இருமினா என் உசுரு போயிட்டுத் திரும்ப வருது. உங்களுக்கு ஊட்டப் போயி நானே உங்களைக் கொன்னுடுவேனோன்னு இருக்கு. அதுக்காக அந்த வயித்துக் குழாயே போதும்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. நீங்க சாப்பிடறதைப் பார்க்கணும் எனக்கு. அவ்வளவுதான்."

அவர் சிலேட்டை மடியில் வைத்துத் துடைத்தார். பல்பத்தை எடுத்து எழுதினார். அவள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

'எனக்கும் பயம். ராத்திரி எச்சில் முழுங்கவே பயம்.'

அதை அவர் அழிக்கவில்லை. அவளும் அழிக்கவில்லை. சிலேட்டைத் திருப்பி, பின்பக்கம் எழுதினார்.

'சின்ன கத்தி. கூரா. கொண்டா.'

காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்தாள். தலையை ஆட்டினார். இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதற்கும் தலையாட்டல். அவள் யோசித்து, முன்னறைக்குப் போய், தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து வந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். புது பிளேடு மாட்டி வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, சாக்கிலிருந்து எடுத்துப் புதிதாக உரித்த ஒரு கதிரின் நுனியிலிருந்து அடிவரைக்கும், ஒரு வரிசை மணிகளின் நட்ட நடுவில், கோடு இழுக்கிற மாதிரி கீறினார். மணிகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்தன, கதிரை விட்டு ஒன்றும் விழவில்லை. அடுத்த வரிசைக்குப் போனபோது அவர் கை நடுங்கிக் கோடு கோணிற்று. ஒரு மாதமாகக் குழாய்த் தண்ணீரில் வாழ்கிற கை.

"இப்படிக் குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள். "கோடு போடறது என் வேலை."

அது உண்மைதான். துணியில் தையல் பிரிக்கும்போது நூலை மட்டும் வெட்ட வேண்டும், துணியைத் தொடக் கூடாது. இங்கேயும் அதே அளவுதான். தோலை மட்டும் வெட்ட வேண்டும், கட்டையைத் தொடக் கூடாது. ஒரு கதிரை முடித்து எத்தனை கோடு என்று எண்ணினாள், பதினாறு. அடுத்தது பதினாலு. மூன்றாவதில் பதினைந்து என்றாள். அவர் இரண்டு தடவை தரையைத் தட்டினார். தட்டல் ஒன்றென்றால் ஆமாம், இரண்டென்றால் இல்லை. சிலேட்டில், 'ஒத்தப்படையே வராது. எண்ணு' என்று எழுதினார். எண்ணினாள். ஒரு வரிசையை விட்டிருந்தாள். இந்த மனிதருக்கு இதெல்லாம் தெரியும் என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது. எத்தனையோ பேசியிருக்கிறார், இதையும் சொல்லித்தான் இருப்பார். அவள் மெஷினை மிதித்திருப்பாள்.

கீறிய கதிரை அவர் வாங்கினார். அகலத் தட்டில் நிறுத்தி, காய் நறுக்குகிற கத்தியின் முதுகால் மேலிருந்து கீழே அழுத்தி வழித்தார். பிளந்த மணிகளிலிருந்து சதையும் பாலும் திரண்டு தட்டில் இறங்கின. தோல் மட்டும் கதிரிலேயே, காலிப் பை மாதிரி, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். தட்டில் இருந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு திப்பி இல்லை.

"அட, இவ்வளவுதானா," என்றாள். "இதைச் சொல்லாம இத்தனை வருஷம் என்னை வெளிய வெரட்டியிருக்கீங்க."

அவர் ஒரு தடவை தட்டினார்.

கீறுவது அவள், வழிப்பது அவர் என்று வேலை பிரிந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் சடசடவென்று அடித்தது. பால் தெறித்து அவர் கன்னம், சட்டை, மூக்குக் குழாய் எல்லாம் ஒட்டிற்று. நடுவில் அவள் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பேச்சில்லை. பேசாமல் இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பத்துக் கதிருக்கு ஒரு கிண்ணம் தேறிற்று. அவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை.

அடி கனத்த சட்டியில் வெண்ணெயை உருக்கினாள். வழித்ததை ஊற்றி, தீயைக் குறைத்து, கரண்டியை நிறுத்தாமல் கிண்டினாள். முதலில் மோர் மாதிரி இருந்தது. பயந்துபோய் அவரைப் பார்த்தாள். பொறு என்று கையைக் காட்டினார். ஏழெட்டு நிமிடத்தில் அது தன்னாலேயே இறுகத் தொடங்கியது, சோளத்துக்குள் இருக்கிற மாவே போதும். கொஞ்சம் உப்பு. மிளகு போடக் கையை எடுத்தவளை அவர் தடுத்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தாள். மஞ்சள் வெண்ணெய் நிறத்தில் அது கரண்டி விளிம்பில் நின்றது, ஒரு கணம் யோசித்தது, பிறகு விழுந்தது.

நர்ஸ் நாலு மணிக்கு நனைந்துகொண்டு வந்தாள். குடையை மூலையில் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து, விழுங்கிக் காட்டக் கரைத்துக் கொடுக்கிற ஆஸ்பத்திரி மாவுப் பொட்டலத்தை எடுத்தாள். டெய்லரம்மா கிண்ணத்தை நீட்டினாள். நர்ஸ் அதைக் கிளறிப் பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டாள். டெய்லரம்மா அவரைக் காட்டினாள், அவர் அவளைக் காட்டினார். சரி, பார்ப்போம் என்று நர்ஸ் பொட்டலத்தை உள்ளே வைத்தாள்.

முதல் வாய். தாடை, மூச்சு, விழுங்கல், செருமல், மறுபடி விழுங்கல். போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. ருசிக்குத்தான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது. மூன்றாவது. நர்ஸ் அவர் தொண்டை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். டெய்லரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து தானும் மூச்சை அடக்கினாள். நான்காவது வாயில் இருமல் வந்தது.

அவர் கரண்டியை வைத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. டெய்லரம்மா பாய்ந்து வந்து முதுகில் கை வைத்தாள். நர்ஸ் அந்தக் கையை மெதுவாக எடுத்து ஒரு பக்கம் தள்ளினாள்.

"இருங்கம்மா. அடிக்காதீங்க. ஐயா, நீங்க நல்லா இருமுங்க. அடக்காதீங்க, இன்னும் பலமா."

அவர் இருமினார். மூன்று இருமல். நின்றது. நர்ஸ் காதை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

டெய்லரம்மாவுக்குப் புரியவில்லை. கண்ணீரோடு அப்போது எல்லாவற்றையும் கொட்டினாள். திங்கட்கிழமை கஞ்சி, இன்று காலை மிக்ஸி, நர்ஸிடம் பொய் சொன்னது எல்லாம். நர்ஸ் கோபித்துக்கொள்ளத்தான் செய்தாள். பதினோரு நாள் வீணாகிவிட்டது, முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றே பதில் சொல்லியிருப்பேன் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

"வழி மாறிப் போறதை இவர் தொண்டையே கண்டுபிடிச்சு வெளிய தள்ளுதும்மா. அதுதான் இருமல். வழி மாறி உள்ள போயும் சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்காங்க பாருங்க, அவங்களைக் கண்டாத்தான் எனக்கு பயம். காவல்காரன் முழிச்சிருக்கான். அவன் சத்தம் போடறான்னு நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டையே நிறுத்திட்டீங்க. இருமினா இருமி முடிக்கட்டும், அப்புறம் அடுத்த வாய். முகம் நீலமாச்சு, மூச்சே வரலைன்னா கூப்பிடுங்க. மத்ததுக்கு ஓடாதீங்க."

அவர் கரண்டியை எடுத்தார். கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இன்னும் இரண்டு தடவை இருமினார். டெய்லரம்மா இரண்டு தடவையும் எழுந்தாள், நர்ஸ் இரண்டு தடவையும் உட்கார வைத்தாள். பிறகு நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டு, ஜன்னல் ஓரமாக நின்று வெகுநேரம் பேசினாள். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். மூக்குக் குழாயை அவளே உருவினாள். அது வந்துகொண்டே இருந்தது, இவ்வளவு நீளமா இவருக்குள் இருந்தது என்று டெய்லரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம் மட்டும் வெள்ளையாகத் தங்கியது.

நர்ஸ் போனபோது மழை விட்டிருந்தது. டெய்லரம்மா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊசிக்கடியில் கிடந்த சட்டைக் கையை எடுத்துச் சரிசெய்தாள். மிதிக்கவில்லை. அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்தவள் தூங்கிப்போனாள்.

அவள் விழித்தபோது விளக்கு போட்டிருந்தது. வெண்ணெய் வாசனை வந்தது. சாக்கில் மிச்சமிருந்த கதிர்களை அவரே கீறி, வழித்து, கிண்டியிருக்கிறார். கோடுகள் எல்லாம் கோணல்மாணல், பக்கத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு கிண்ணத்தை மெஷின் மேஜையில், துணிகளை ஒதுக்கிவிட்டு, அவள் முன்னால் வைத்தார். தனக்குச் சின்னதாக ஒரு கிண்ணம். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசமா நாக்குல ருசியே படாத ஆள் போட்ட உப்புன்னு தெரியுது," என்றாள். "கடல் தண்ணி மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கின குலுக்கலில் வாயில் இருந்தது வழி மாறி, இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, தாடையைக் கீழே இறக்கி, இருமினார். பலமாக இருமினார். மாடி வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

டெய்லரம்மா எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கரண்டியை எடுத்து வாயில் வைத்தாள், நிதானமாக விழுங்கினாள்.